1.8க்கும் கீழே இறங்கும் வேகம்: லேப்டாப் பிராசசருக்கு என்ன ஆகிறது?

கேள்வி இது. லேப்டாப் பெட்டியில் "4.0 கிகாஹெர்ட்ஸ் வரை" என்று அச்சிட்டிருக்கிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அடிப்படை வேகம் 1.80 என்கிறது. எந்த வேலையும் இல்லாதபோது 0.79க்கு இறங்குகிறது. ஒரு வீடியோவை ரெண்டர் செய்யக் கொடுத்தால் முதல் அரை நிமிடம் 3.4இல் ஓடுகிறது, அதன்பின் சரிந்து 1.6இல் நின்றுவிடுகிறது. பிராசசர், இன்டெல் கோர் ஐ7-8550யூ. இது பழுதா, அல்லது சொன்ன வேகம் இல்லாத பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?

இதில் மூன்று எண்கள் இருக்கின்றன. 0.79 நல்ல ஆரோக்கியத்தின் அடையாளம். 3.4இல் தொடங்கிச் சரிவது அந்தப் பிராசசர் வடிவமைக்கப்பட்ட விதம். 1.6 மட்டும்தான் விசாரிக்க வேண்டியது. பெரும்பாலானோர் முதல் எண்ணைப் பார்த்துப் பதறுகிறார்கள், மூன்றாவதை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் 0.79. பிராசசரின் வேகம் ஓர் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக் கிடைப்பது. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கெண் 18 என்றால் 1.8 கிகாஹெர்ட்ஸ், 40 என்றால் 4.0, 8 என்றால் 0.8. வேலை இல்லாதபோது பெருக்கெண்ணை 8க்கு இறக்கி, மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்வது பேட்டரிக்கு நல்லது. சரியாக 0.80 காட்டாமல் 0.79 காட்டுவதற்குக் காரணம், மின்காந்த இரைச்சல் ஒரே அலைவெண்ணில் குவியாமல் இருக்க அந்த 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பையே சற்றுக் கீழ்நோக்கி அலைய விடுவார்கள் என்பது. இந்த வழக்கம் புதிதும் அல்ல. 2000 ஜனவரியில் இன்டெல் தன் ஸ்பீட்ஸ்டெப் நுட்பத்தை மொபைல் பென்டியம் 3இல் கொண்டுவந்தபோது, 650 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் பேட்டரியில் ஓடும்போது 500க்கு இறங்கியது. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓடத் தெரிந்த பிராசசர்தான் லேப்டாப்புக்கு ஏற்ற பிராசசர். இந்த எண்ணை இத்தோடு விட்டுவிடுங்கள்.

இனி பெட்டியில் உள்ள 4.0. "வரை" என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 8550யூவில் நான்கு கோர்கள், அதாவது தனித்தனியாகக் கணக்கிடும் நான்கு பகுதிகள். ஒன்றோ இரண்டோ கோர்கள் மட்டும் உழைக்கும்போதுதான் 4.0 என்பது உச்சம். நான்கும் உழைத்தால் உச்சமே 3.7. வீடியோ ரெண்டர் நான்கு கோர்களையும் பிழியும் வேலை. எனவே நீங்கள் 4.0ஐ அங்கே பார்க்கவே முடியாது. அந்த 3.7உம் மின்சாரமும் குளிர்ச்சியும் இடம் கொடுத்தால் மட்டுமே.

அடிப்படை வேகமான 1.8க்குப் பொருள் வேறு. அது எப்போதும் வாட் கணக்கோடு சேர்த்துச் சொல்லப்படுகிற எண். இன்டெல் வகுத்த ஒரு கனமான வேலையை எல்லாக் கோர்களிலும் ஓட்டும்போது, 1.8 கிகாஹெர்ட்ஸில் இந்தப் பிராசசர் சராசரியாக 15 வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதே அதன் பொருள். அதாவது, லேப்டாப் செய்பவர் 15 வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றும் உடலைக் கட்டிக் கொடுத்தால் 1.8க்குப் பொறுப்பு. கட்டிக் கொடுக்காவிட்டால்? அதற்கும் இன்டெல்லே இடம் விட்டிருக்கிறது. இதே 8550யூவை 10 வாட்டுக்கு இறக்கி வைத்துக்கொள்ளலாம். அப்போது அதன் அடிப்படை வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ்தான். 25 வாட்டுக்கு ஏற்றியும் வைக்கலாம், அப்போது 2.0. ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர். மெலிந்த, ஃபேன் இல்லாத உடலில் ஒரு வேகம், கொஞ்சம் தடித்த உடலில் வேறு வேகம்.

இங்கே என் மனத்தில் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். லேப்டாப் வாங்குபவர் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டிய எண், இந்த உடலில் இந்தப் பிராசசர் மணிக்கணக்காக எத்தனை வாட் எடுக்க விடப்பட்டிருக்கிறது என்பது. பெரும்பாலான பெட்டிகளில் அந்த எண் அச்சாவதில்லை. உச்ச வேகம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. இன்டெல் தன் 12ஆம் தலைமுறையிலிருந்து அடிப்படை வாட், அதிகபட்ச டர்போ வாட் (டர்போ என்றால் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடுவது) என்று இரண்டையும் வெளியிடுகிறது. கோர் ஐ7-1260பிக்கு 28, 64. இது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது பிராசசருக்கான எண்; உங்கள் கையில் இருக்கும் லேப்டாப்புக்கானது அல்ல. அதை வெளியிடாமல் "4.0 வரை" என்று மட்டும் போடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

வேகத்துக்கும் வாட்டுக்கும் ஏன் இந்தப் பிணைப்பு? பிராசசருக்குள் இருக்கும் நுண் மின்சுவிட்சான டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் ஒரு நுண்ணிய மின்தேக்கி நிரம்பிக் காலியாகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதைப் பொறுத்து அந்தச் செலவு கூடும். இதோடு நின்றிருந்தால் வேகம் இரு மடங்கானால் மின்சாரமும் இரு மடங்கு என்று போயிருக்கும். ஆனால் டிரான்சிஸ்டர் வேகமாக மாற வேண்டுமானால் அதற்கு அதிக மின்னழுத்தம் கொடுத்தாக வேண்டும். எடுத்துக்காட்டாக 1.8 கிகாஹெர்ட்ஸுக்கு 0.8 வோல்ட் போதும், 4.0க்கு 1.1 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 2.2 மடங்கு ஏறுகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கம் 1.9 மடங்கு ஏறுகிறது. பெருக்கினால் மின்சாரம் 4 மடங்கைத் தாண்டிவிடுகிறது. இதோடு கசிவும் உண்டு. சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்கள் வேலை செய்யாமலே கசியவிடும் மின்சாரம் கூடுகிறது. அதனால் சூடான பிராசசர் அதே வேகத்துக்குக் கூடுதல் வாட் கேட்கிறது. நல்ல குளிர்ச்சி இரண்டு வழியில் உதவுவது இதனால்தான்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம், பரப்பளவுக்கான வெப்பம் மாறாது என்று ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1974இல் காட்டினார்கள். முப்பது ஆண்டுகள் தொழில் அதன்மீது நடந்தது. மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியாத நிலை 2005ஐ ஒட்டி வந்தது. 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்ற பென்டியம் 4க்கு அடுத்து வரவிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் வடிவத்தை இன்டெல் 2004இல் கைவிட்டது. மேசைக் கணினியிலேயே வெப்பம் சுவராக வந்து நின்றது என்றால், விரல் தடிமன் உடலுக்குள் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த அரை நிமிடத்துக்கு வருவோம். பிராசசருக்கு இரண்டு மின்வரம்புகள் உண்டு. பிஎல்1 என்பது நீண்ட காலத்துக்கானது. உங்கள் பிராசசரில் வழக்கமாக 15 வாட். பிஎல்2 குறுகிய காலத்துக்கானது; இந்தப் பிராசசர் உள்ள பல லேப்டாப்களில் அது 40 வாட்டையும் தாண்டும். இரண்டுக்கும் நடுவே டௌ என்ற ஒரு கால அளவு இருக்கிறது. 28 வினாடி என்று வைத்திருப்பதைப் பரவலாகப் பார்க்கலாம். இதை 28 வினாடி ஓடி முடியும் மணல் கடிகாரம் போல் எண்ணிக்கொள்ளக் கூடாது. பிராசசர் தன் மின்செலவின் நகரும் சராசரியைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. சற்று முன்பு செலவானதற்கு அதிக மதிப்பு, பழையதற்குக் குறைந்த மதிப்பு. அந்தச் சராசரி 15ஐத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. சும்மா கிடந்த நிலையிலிருந்து நேராக 44 வாட் எடுத்தால் ஏறக்குறைய 10 வினாடியில் சலுகை தீர்ந்துவிடும். 25 வாட் எடுத்தால் 20 வினாடிக்குச் சற்று மேல் தாங்கும். நீங்கள் சொன்ன 3.4, அரை நிமிடம் என்ற கணக்கு இதோடு அழகாகப் பொருந்துகிறது.

வெறும் நான்கைந்து வினாடி நீடிக்கும் வேலைகளுக்கு இது அருமையான ஏற்பாடு. ஒரு பக்கத்தைத் திறப்பது, ஒரு கோப்பை விரிப்பது எல்லாம் முழு வேகத்தில் முடிந்துவிடும். அடுத்த வேலை வருவதற்குள் சராசரி மீண்டும் இறங்கியிருக்கும். இடைவெளி இல்லாமல் அதே வீடியோவை இரண்டாம் முறை ரெண்டர் செய்தால் தொடக்கத்திலேயே மந்தமாக இருப்பதற்கும் காரணம் இதுவே: சராசரி இறங்க நேரம் கிடைக்கவில்லை. உலோகமும் இன்னும் சூடாக இருக்கிறது.

ஆக, 3.4இலிருந்து சரிந்தது சரி. ஆனால் 15 வாட்டில் நிற்க வேண்டிய இடம் 1.8 அல்லது அதற்கு மேல். 1.6 ஏன்?

இதற்கு விடை தேட வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. வேகம், வெப்பநிலை, வாட் மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜர் முதலாவதை மட்டுமே காட்டும். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ, த்ராட்டில்ஸ்டாப் போன்ற இலவசக் கருவிகள் மூன்றையும் காட்டும். எந்த வரம்பு இப்போது கடிக்கிறது என்பதையும் சிவப்பில் சொல்லும். லினக்ஸில் டர்போஸ்டாட். ரெண்டரைத் தொடங்கிப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பாருங்கள். முதல் நிமிடத்து எண்களால் பயனில்லை.

வாட் 15ஐ ஒட்டியும், வெப்பம் 70, 80 டிகிரியிலும் இருந்தால் உடல் நன்றாகத்தான் இருக்கிறது, மின்வரம்பு தடுக்கிறது. அந்த 15 வாட் பிராசசர் கோர்களுக்கு மட்டுமானது அல்ல என்பதை மறக்கக் கூடாது. அதே சில்லில் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியும் அதே பானையிலிருந்துதான் எடுக்கிறது. ரெண்டர் மென்பொருள் கிராஃபிக்ஸையும் பயன்படுத்தினால் அதற்குப் போனது போக மிச்சம்தான் கோர்களுக்கு. ஏவிஎக்ஸ் வகைக் கட்டளைகளும் அப்படியே. ஒரே துடிப்பில் பல எண்களைக் கணக்கிடும், அதற்கேற்ப மின்சாரம் குடிக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் பழுதே இல்லாமல் 1.6க்கு இறங்குவது நடக்கக்கூடியதுதான். வேகம் குறைந்தாலும் வேலை விரைவாக முடிகிறது என்றால் வருந்த வேண்டியதில்லை.

வெப்பம் 95, 100 என்று கூரையை முட்டிக்கொண்டும், வாட் 15க்குக் கீழே 11, 12 என்றும் இருந்தால் குளிர்ச்சி தோற்றுவிட்டது. 8550யூவுக்கு 100 டிகிரி எல்லை. அதைத் தொட்டதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை வெட்டும். பழைய லேப்டாப்களில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். ஃபேன் முழு இரைச்சலோடு சுற்றும். வெளிவாயில் கை வைத்தால் காற்றே வராது. அடிமூடியைக் கழற்றி, ஃபேனின் மேல்தகட்டை எடுத்தால் காரணம் கண்ணெதிரே இருக்கும்: ஃபேனின் வாய்க்கும் செம்புத் தகடுகளின் வரிசைக்கும் நடுவே, கம்பளித் துணி போல் சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப் பட்டை. சாமணத்தால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே துண்டாக வந்துவிடும். வெளியிலிருந்து காற்றை ஊதிச் சுத்தம் செய்ததாக நினைப்பவர்கள் இந்தப் பட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருப்பார்கள், அவ்வளவுதான். திறந்து எடுப்பதே வழி. மிச்சத் தூசியை ஊதும்போது ஃபேன் இறகை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றக் கூடாது.

தூசி இல்லையென்றால் தெர்மல் பேஸ்ட், அதாவது சிலிக்கானிலிருந்து செம்புக்கு வெப்பத்தைக் கடத்தும் பசை. லேப்டாப் பிராசசரின் சிலிக்கான் கட்டைவிரல் நகத்தளவுதான். அதன்மேல் உலோக மூடி கிடையாது, வெப்பக்குழாயின் செம்பு நேரடியாக உட்காருகிறது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, பேஸ்ட் மெல்ல மெல்ல ஓரங்களுக்குப் பிதுங்கிவிடும். பிரித்துப் பார்த்தால் சுற்றிலும் காய்ந்த விளிம்பு, நடுவில் சிலிக்கான் கண்ணாடி போல் பளபளக்கும். நடுவில்தான் கோர்கள் கொதிக்கின்றன. பழையதைத் துடைத்துவிட்டு நல்ல பேஸ்ட் போட்டால் பல டிகிரி இறங்குவதை அன்றே பார்க்கலாம்.

வெப்பமும் குறைவு, வாட்டும் குறைவு என்றால், அதாவது 60 டிகிரி, 10 வாட் என்று நின்றால், தயாரிப்பாளரே அப்படி வைத்திருக்கிறார் என்று பொருள். மடியில் வைப்பவரின் தோல் சுடக் கூடாது என்பதற்காக உடலின் மேற்பரப்பு வெப்பத்தை அளந்து பிராசசரை அடக்கும் ஏற்பாடு இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் உண்டு. லேப்டாப்பின் மின் முறையை "சிறந்த செயல்திறன்" என்று மாற்றிப் பாருங்கள். சிலவற்றில் தயாரிப்பாளரின் தனிச் செயலியில் இந்த மாற்றம் ஒளிந்திருக்கும். லேப்டாப்பை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் பதிப்பையும் பாருங்கள், ஏனென்றால் பிழை அங்கேயும் இருக்கலாம். 2018 ஜூலையில் கோர் ஐ9 போட்டு வந்த 15 அங்குல மேக்புக் ப்ரோ, தொடர்ந்த வேலையில் தன் அடிப்படை வேகமான 2.9க்கும் கீழே இறங்கியது. வெப்பத்தை நிர்வகிக்கும் ஃபர்ம்வேரில் (வன்பொருளோடு வரும் உள் மென்பொருளில்) ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டிருந்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அதே மாதம் திருத்தம் வெளியிட்டது. அங்கே தூசியும் இல்லை, பேஸ்ட்டும் காயவில்லை.

இன்னொன்று இருக்கிறது, உங்கள் அடையாளம் அதுவல்ல, ஆனாலும் இதைப் படிக்கும் யாருக்காவது உதவும். என்ன செய்தாலும் வேகம் 0.39 அல்லது 0.79ஐத் தாண்டவே மறுக்கும். அப்படி ஒரு லேப்டாப் என் மேசைக்கு வந்தது. சுட்டி நகர்வதே தெரியும் அளவுக்கு மந்தம். தூசி எடுத்தேன், பேஸ்ட் மாற்றினேன், வெப்பம் 40 டிகிரியில் குளிர்ந்து கிடந்தது, வேகம் அசையவில்லை. பேட்டரி படத்தைப் பார்த்தபோதுதான் "இணைக்கப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை" என்று இருப்பதைக் கவனித்தேன். சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் எழுந்து நின்றது. பல சார்ஜர்களில் மின்சாரம் வரும் கம்பிகளோடு, "நான் இத்தனை வாட்" என்று சொல்லும் ஒரு மெல்லிய கம்பியும் உண்டு. அது முனையருகே உள்ளே அறுந்திருந்தது. சார்ஜர் யாரென்று தெரியாததால் மதர்போர்டு பிராசசருக்கு "அடங்கு" என்ற சைகையை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. பிராசசர் சூடானால் வெளியே சொல்ல இருக்கும் அதே இணைப்பு வழியே வெளியிலிருந்தும் பிராசசரை அடக்க முடியும். அந்தச் சைகையைப் புறக்கணிக்கும் தேர்வு த்ராட்டில்ஸ்டாப்பில் இருக்கிறது. காரணம் கண்டுபிடிக்கும் வரை சோதனைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மின்சுற்று உண்மையாகவே கொதித்து அந்தச் சைகை வந்திருந்தால் புறக்கணிப்பது ஆபத்து. டைப்-சி சார்ஜரிலும் இதே கதை உண்டு: 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜர் கொடுத்தால் அது பேசி முடித்துக் குறைந்த வேகத்தில் ஓடும். தேய்ந்த பேட்டரியும் காரணமாகலாம், ஏனென்றால் சில லேப்டாப்கள் உச்ச நேரத்தில் சார்ஜர் போதாமல் பேட்டரியிடமும் கொஞ்சம் வாங்குகின்றன.

வேகம் 1.8ஐத் தாண்டவே தாண்டாமல் நின்றால் விண்டோஸின் மின் திட்டத்தில் அதிகபட்ச பிராசசர் நிலை 99 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த ஒரு சதவீதக் குறைப்பு டர்போ முழுவதையும் அணைத்துவிடும்.

மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து அதே வேகத்தை வாங்கும் முறை 8550யூவில் ஒரு காலத்தில் மிக நன்றாகப் பலன் தந்தது. 15 வாட்டுக்குள் கூடுதல் வேகம் கிடைக்கும், செலவும் இல்லை. ஆனால் மின்னழுத்தத்தை மாற்றும் வழியைக் கொண்டே பாதுகாப்பை உடைக்க முடியும் என்று காட்டிய பிளண்டர்வோல்ட் குறைபாடு 2019 டிசம்பரில் வெளியானது. அதற்குப் பிறகு வந்த பயாஸ் பதிப்புகளில் பலவற்றில் அந்தக் கதவு பூட்டப்பட்டுவிட்டது. உங்களுடையதில் திறந்திருந்தால் சிறு சிறு படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் நீண்ட நேரம் சோதித்துப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் தூசியின் மீதும் பேஸ்ட்டின் மீதும்தான். 15 வாட்டை ஒழுங்காக வெளியேற்றும் உடலில் இந்தப் பிராசசர் சாதாரண ரெண்டர் வேலையில் 1.8இல் நிற்காது, 2.2க்கும் 2.6க்கும் இடையில் ஓட வேண்டும். முதலில் வேகம், வெப்பநிலை, வாட் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றிய பிறகு அதே வீடியோவை, லேப்டாப் நன்றாக ஆறிய நிலையில், மறுபடி ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். வெப்பம் 80ஐ ஒட்டி இறங்கி, வாட் 15க்கு ஏறி, வேகம் 2.3, 2.4 என்று நின்றால் வேலை முடிந்தது. 3.4 அப்போதும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்காது; 15 வாட்டில் நான்கு கோர்களுக்கு அது கிடைக்காது.